அத்தைக்கு உரியது

அத்தியாயம் பதினொன்று

லவீனியா வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் அவள் தம்பி இனோகே காலெடுத்து வைத்ததில்லை. தலை நரைத்து, பேரன் எடுக்கிற வயசிலும் அப்படித்தான். அக்காவின் வீட்டுக்குள் தம்பி போவதில்லை. அவள் படுக்கிற அறைப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. வவாவுத் தீவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தானாக வரும். வராதவனைப் பற்றி ஊர் பேசும்.

அதனால் அந்தச் சனிக்கிழமை காலையில் இனோகே வெளியே சீமைப்பலா மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, அவன் மனைவி மாலியா மட்டும் உள்ளே வந்தாள். வந்தவள் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன, உன் புருஷனுக்கு மரத்தோட என்ன பேச்சு?" என்றாள் லவீனியா.

"அண்ணி..."

"சொல்லு. விடிஞ்சதும் வந்து மூக்கை உறிஞ்சினா அது நல்ல சேதியா இருக்காது."

"நம்ம வனிலாக் காயை வாங்கிட்டுப் போன வியாபாரி நேத்து போன் பண்ணான் அண்ணி. விலை விழுந்துடுச்சாம். இப்போதைக்கு ஒண்ணும் தர முடியாதாம்."

லவீனியா மரத்தடியில் நின்ற முதுகைப் பார்த்தாள்.

கோயில் கூட்டத்தில் எதிர்வீட்டு ஃபொலாவு எழுந்து தன் வீட்டுக் காணிக்கை இவ்வளவு என்று அறிவித்ததும், இனோகே உட்கார்ந்திருக்க மாட்டாமல் எழுந்து அதைவிட ஆயிரம் பாங்கா பணம் கூடுதலாகச் சொன்னது வாசகர்களுக்கு மறந்திருக்காது. அன்று ஊர் கைதட்டியது. லவீனியாவும் முன்வரிசையில் உட்கார்ந்து தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி செய்தது தப்பு என்று அவளுக்கு அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. ஃபொலாவுக்கு அடுத்த இடத்தில் தங்கள் வீட்டுப் பெயரை வாசிக்கக் கேட்பதைவிட அது மேல்.

ஆனால் நாளை ஞாயிறு. வருஷக் காணிக்கை நாள். ஒவ்வொரு வீட்டுப் பெயராகக் கூப்பிடுவார்கள். வீட்டார் எழுந்து மேசைக்குப் போய்ப் பணத்தை வைப்பார்கள். அங்கேயே எண்ணி, தொகையைச் சத்தமாக வாசிப்பார்கள்.

"கையில எவ்வளவு இருக்கு?"

"பாதிகூட இல்ல அண்ணி."

"அப்பா பேரைக் கூப்பிட்டு, பாதியை வாசிப்பாங்க. ஃபொலாவு பெண்டாட்டி விசிறியால வாயை மூடிக்குவா."

மாலியா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "எங்க பையன் ஃபெலெதிக்கு இன்னைக்குக் கச்சேரி இருக்கு. அதுல சேர்ற பணத்தை அவன்கிட்ட கேக்க அவருக்கு வாய் வரல."

"அப்போ நான் கேக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லலயே அண்ணி."

"சொல்லலே. சொல்றதுக்குன்னுதான் வந்திருக்கே."

தம்பி பிள்ளைகளிடம் எதைக் கேட்கவும் அத்தைக்கு உரிமை உண்டு. கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கல்யாணத்திலும் சாவிலும் முதல் மரியாதை அவளுக்கு. சீராக வந்த, இடுப்பில் கட்டுகிற பாயில் எது நல்லதோ அது அவளுக்கு. லவீனியா அந்த உரிமையை அநாவசியமாகச் செலவழித்தவள் இல்லை. ஒரு கோழியைக்கூடக் கேட்டு வாங்கியதில்லை. கேட்காமல் இருப்பதில்தான் பெருமை என்று நினைப்பவள் அவள்.

"எழுந்து போ. மரத்தடியில நிக்கிறவரையும் கூட்டிட்டுப் போ. அக்கா இன்னும் சாகலேன்னு சொல்லு" என்றாள்.

*

மாலியா போன கொஞ்ச நேரத்தில் ஃபெலெதி வந்தான். இனோகேயின் ஒரே மகன். துறைமுக ஆபீசில் நல்ல வேலையில் இருந்தவன், பாட்டுக் கட்டப் போகிறேன் என்று அதை விட்டுவிட்டு இரண்டு வருஷமாகிறது. அந்த இரண்டு வருஷமும் அவன் அப்பா காவா வேர்ச்சாறு குடிக்கப் போகிற இடத்திலெல்லாம், "உன் மகன் இன்னைக்கு எத்தனை பாட்டுப் பிடிச்சான்? மீன் ஏதாவது பிடிச்சானா?" என்று கேட்காதவர்கள் இல்லை.

இப்போது ஆக்லாந்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை கப்பல். டிக்கெட்டும் கூடத்துக்குக் கட்ட வேண்டிய பணமும் இன்றைய கச்சேரியில்தான் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

படிக்குக் கீழே நின்று, வாழையிலையில் சுற்றிய மீனை இரண்டு கையாலும் நீட்டினான்.

"அத்தை, கச்சேரிக்கு வந்து முன்னால உக்காரணும்."

"பின்னே எங்கே உக்காருவேன், கூரை மேலயா?"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "யாரும் வரலேன்னா என்ன பண்றது அத்தை?"

"வருவாங்க. பன்னி சுடறோம்னு சொல்லியிருக்கே இல்ல?"

"அதுக்கு வருவாங்க. பாட்டுக்கு?"

உள்ளே படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்த செய்னி, லவீனியாவின் மகள், ஜன்னலோரம் வந்தாள். அத்தை மகள் என்றால் இங்கே அக்கா தங்கை முறை. கேலி, கிண்டல், நேர்ப்பேச்சு எதுவும் கிடையாது. அவள் அம்மாவைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அம்மா, துறைமுகப் பாட்டுல மூணாவது வரியில மூச்சு வாங்க இடமே இல்ல. ஆடறவ மனுஷிதான்னு பாட்டுக் கட்டினவங்ககிட்ட சொல்லுங்க."

ஃபெலெதி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மாத்திடறேன் அத்தை. அந்த வரியை நானே நாலு தடவை அடிச்சுட்டு எழுதினேன். இன்னும் சரியா வரல."

"மாத்த வேணாம்னு சொல்லுங்கம்மா. ஒரு அடி நிறுத்தினாப் போதும்."

இருவர் பேச்சும் லவீனியாவின் தலைக்கு மேலாகப் போய் வந்தது.

"அத்தை," என்றான் ஃபெலெதி, கிளம்புகிறவன் மாதிரி திரும்பிவிட்டு. "நெசமாவே அது நல்லாயிருக்கா?"

துணி துவைக்கும்போது லவீனியா அந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறாள். போன வாரம் முழுக்க அதுதான். ஆனாலும், "நான் என்ன பாட்டு வாத்தியாரா?" என்று சொல்லி மீனை வாங்கிக்கொண்டாள். நல்லது என்று சொல்லிப் பிள்ளைகளைக் கெடுக்கிற வீடு இல்லை அது. அவள் அப்பாவும் யாரையும் மெச்சியதில்லை.

செய்னி பழைய விரிப்புகளைப் பெரிய மூட்டையாகக் கட்டி வெளியே கொண்டுவந்தாள். "அழுக்கைக் கழுவப் போட்டுட்டு, துறைமுகக் கடைப் பக்கம் போய் எண்ணெய் வாங்கிட்டு வர்றேம்மா. ஆடறதுக்கு வேணும்."

"இவ்வளவு பெரிய மூட்டையா?"

"எவ்வளவு நாள் அழுக்கு!" என்று சிரித்தபடி போனாள்.

*

கச்சேரிக்கு ஊர் வந்தது. பன்றிக்காக வந்தவர்கள் பாதி, ஃபெலெதி தடுமாறுவதைப் பார்க்க வந்தவர்கள் பாதி.

தடுமாறவும் செய்தான். முதல் பாட்டில் கிட்டார்த் தந்தியில் சுருதி இறங்கிவிட்டது. பாதியில் நிறுத்தி முறுக்கினான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஆக்லாந்து போய் முறுக்கிக்கலாம் தம்பி, இப்போ பாடு!" என்றது. மண்டபம் சிரித்தது. மேடையோரத்தில் நின்ற இனோகே தலையைக் குனிந்துகொண்டான். ஃபெலெதியின் கழுத்து வியர்த்து மின்னியது. இரண்டாவது பாட்டை அவன் யாரையோ துரத்திக்கொண்டு ஓடுகிறவன் போலப் பாடி முடித்தான்.

லவீனியா அசையவில்லை. ஆனால் மடியில் இருந்த கை மூடிக்கொண்டது.

பிறகு துறைமுகப் பாட்டு. வராத படகுக்காக விடியும்வரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனைப் பற்றியது. அவ்வளவுதான் அதில் கதை. செய்னி தனியாக வந்து நின்றாள். எண்ணெய் பூசிய தோளும் கையும் விளக்கில் பளபளத்தன. மூன்றாவது வரியில் ஃபெலெதி ஒரு அடி நிறுத்தினான். அந்த நிறுத்தத்தில் செய்னியின் கை காற்றில் அப்படியே நின்றது. மண்டபமும் நின்றது.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒரு கிழவர் எழுந்து போய்ச் செய்னியின் தோளில் முதல் நோட்டை ஒட்டினார். எண்ணெயில் அது ஒட்டிக்கொண்டது. அப்புறம் வரிசையாக வந்தார்கள். தோளில், கையில், கழுத்தோரத்தில் ஒட்டினார்கள். ஒட்ட இடமில்லாமல் கீழே விழுந்ததைப் பெண்கள் பொறுக்கி அலுமினியப் பாத்திரத்தில் போட்டார்கள். சிலர் அழுதுகொண்டே ஆடினார்கள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு எலெனோவா வந்தாள். துறைமுகக் கடைத்தெருவில் பாய் வாங்கி விற்கிறவள், அடகும் பிடிக்கிறவள். கோயில் தட்டில்கூடச் சில்லறை தேடிப் போடுகிற கை. அந்தக் கை இடுப்பிலிருந்து ஒரு நோட்டுச் சுருளை எடுத்து, பெரிய நோட்டாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்னியின் இரண்டு கையிலும் ஒட்டியது. மண்டபம் ஆர்ப்பரித்தது.

"இவளுக்கு எப்போதிருந்து பாட்டுப் பிடிக்க ஆரம்பிச்சுது?" என்றாள் லவீனியா பக்கத்தில் இருந்த மாலியாவிடம்.

மாலியா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

எண்ணி முடித்து, ஆக்லாந்துக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது, மிச்சமும் இருக்கிறது என்று அறிவித்தார்கள். ஃபெலெதி கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். நம்பாதவன் முகம்.

அப்போதுதான் லவீனியா எழுந்தாள்.

அவள் நடந்தபோது கூட்டம் தானாக வழிவிட்டது. மேடையேறி, ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினாள். 

"எங்க அப்பா வீட்டுக்கு இன்னைக்குப் பெரிய நாள். என் தம்பி மகன் தன் கைப்பாட்டால முதல் முதலா சம்பாதிச்சிருக்கான். முதல் பலன் கடவுளுக்குத்தான். இந்தப் பணத்தை அத்தை நான் கேக்கறேன். நாளைக்கு எங்க வீட்டுக் காணிக்கையோட இது போகும்."

 கூரை அதிரக் கைதட்டினார்கள். வயதான பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஃபொலாவுகூடக் கைதட்டினான், தட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஃபெலெதி கிட்டாரைக் கீழே வைத்தான். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் மண்டியிட்டு, தலையை அவள் பாதத்துக்கு நேராகக் குனிந்தான். முகம் தெரியவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துக்கொண்டாள் லவீனியா. அழட்டும். அழுது, என்னை வெறுத்து, வேறு வழி தேடட்டும். ஆண் பிள்ளைதானே.

பாத்திரத்தை வாங்கி மாலியாவிடம் கொடுத்தாள். செய்னி மேடையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. களைப்பு என்று எடுத்துக்கொண்டாள் தாய்.

*

பொழுது சாயும் நேரம். ஃபெலெதி மறுபடி படிக்குக் கீழே வந்து நின்றான். கையில் கிட்டார், வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. மீன் கொடுத்த மாதிரியே இரண்டு கையாலும் நீட்டினான்.

"இதையும் வெச்சுக்கங்க அத்தை."

"இதை நான் கேக்கலயே."

"கேக்காட்டியும் உங்களோடதுதான்."

குத்திக் காட்டுகிறான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தாள். குத்தல் இல்லை. நீண்ட காய்ச்சல் விட்டவன் போல முகம் தெளிந்திருந்தது.

"கோபம் இருந்தா சொல்லிடு. மனசுல வெச்சுக்காதே" என்றாள்.

"கோபமா? நீங்க என்னைக் காப்பாத்தினீங்க அத்தை." அவன் சிரித்தான், காலையில் பாதியில் நின்ற சிரிப்பு இப்போது முழுசாக வந்தது. "ரெண்டு மாசமாத் தூக்கம் இல்ல எனக்கு. அங்கே கண்ணாடி ரூமுக்குள்ள நின்னு பாடி முடிச்சதும், இவ்வளவுதானா உன் சரக்குன்னு கேட்டுடுவாங்களோன்னு ஒரே பயம். இன்னைக்குத் தந்தி இறங்கினப்போ பாத்தீங்களே. அங்கே இறங்கியிருந்தா? இனிமே யாரும் எதுவும் சொல்ல முடியாது. அத்தை கேட்டாங்க, குடுத்துட்டேன். ஊரே கைதட்டிச்சு. திங்கக்கிழமை துறைமுக ஆபீசுல போய் வேலை கேக்கப் போறேன்."

"பணம் இல்லாம வேற வழியே இல்லையா? யார்கிட்டயும் கேக்க மாட்டியா?"

"எதுக்கு அத்தை? நல்ல இடத்துல நின்னுடுச்சு. அப்படியே இருக்கட்டும்."

கிட்டாரைப் படியில் சாய்த்துவைத்துவிட்டு அவன் வேலியைத் தாண்டிப் போனான். நடை இலேசாக இருந்தது. போகும்போது எதையும் முணுமுணுக்கவில்லை.

லவீனியா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டு வாங்காதவள். இன்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கொடுத்தவன் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தெருவில் நின்று கத்தியிருந்தால், இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பாள். தங்கள் வீட்டார் தோற்கலாம். தோற்றதற்கு நன்றி சொல்லக் கூடாது.

போகாமல் இருக்க அவனுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. அவன் தேடித் தவித்ததைக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தது அத்தை.

அவள் எழுந்தாள். உள்ளே போனாள்.

கட்டில் மெத்தைக்கு அடியில் அவளுடைய பாய் இருக்கிறது. அம்மாவின் அம்மா கையில் இருந்து வந்தது. தொட்டால் துணி போல மடியும். ஓரத்தில் சிவப்பு இறகு. அப்பாவை அடக்கம் செய்த அன்று இடுப்பில் கட்டியது, அதற்கப்புறம் வெளியே எடுக்கவில்லை. தீவிலேயே அப்படிப்பட்ட பாய் நாலு வீட்டில்தான் இருக்கும். திங்கட்கிழமை காலையில் அதை எலெனோவாவிடம் அடகுவைத்துப் பணத்தைக் கொண்டுவந்து அவன் மேல் எறிய வேண்டும். இந்தா, இப்போது என்ன காரணம் சொல்வாய் என்று கேட்க வேண்டும்.

மெத்தையைத் தூக்கினாள்.

பலகை தெரிந்தது. தடவிப் பார்த்தாள். மறுபக்கமும் தூக்கிப் பார்த்தாள். வெறும் பலகை.

தம்பி அந்த அறை வாசலைக்கூட மிதிக்க மாட்டான். ஃபெலெதியும் மாட்டான். மாலியாவுக்கு அந்தத் துணிச்சல் பிறவியிலேயே கிடையாது. காலையில் புது விரிப்பு போட்டவள் ஒருத்திதான். அழுக்குத் துணி என்று அவ்வளவு பெரிய மூட்டை.

"செய்னி!"

செய்னி வந்து கதவோரம் நின்றாள். கையில் எண்ணெய் இன்னும் போகவில்லை. நோட்டு ஒட்டியிருந்த இடங்கள் சதுரம் சதுரமாக மங்கலாகத் தெரிந்தன.

"பாய் எங்கேடி?"

"அதைத்தான் சாயங்காலம் மைக்குல கேட்டு வாங்கிட்டீங்களேம்மா."

லவீனியாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எலெனோவாவின் இடுப்பு. நோட்டுச் சுருள். ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய கை.

"ஊர்ல சேர்ற பணம் டிக்கெட்டுக்குக்கூடக் காணாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் செய்னி. "நான் நேரே குடுத்தா பாட்டுக் கட்டினவங்க வாங்க மாட்டாங்க. மேடையில ஒட்டினா யாருதுன்னு தெரியாது. எனக்கு வரப்போற பாய்தானே, கொஞ்சம் முன்னாலயே எடுத்துக்கிட்டேன்."

"என்னைக் கேக்க வேணாமா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா? அந்தப் பாட்டு நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னுட்டீங்க. பாயைக் குடுப்பீங்களா?"

லவீனியா அந்த வெறும் பலகையில் உட்கார்ந்தாள். "சரி. அடகுதானே. மீட்டுக்கலாம்" என்றாள். தனக்கே சொல்லிக்கொள்வது போல இருந்தது.

செய்னி கையில் இருந்த எண்ணெயை உடையில் துடைத்தாள்.

"அடகுதானேடி?"

"எலெனோவா அடகுக்குப் பாதிதான் தருவேன்னா. நாளைக்குக் கோயிலுக்குக் கட்டிக்க நல்ல பழைய பாய் ஒண்ணு வேணும்னு யாரோ அவகிட்ட சொல்லி வெச்சிருந்தாங்களாம். முழு விலை உடனே கிடைக்கும்னா. வித்துட்டேன்."

"யாருக்கு?"

செய்னி ஜன்னல் பக்கம் பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் ஃபொலாவு வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே பெண்கள் நாளைக்கான உடையைத் தேய்த்துக்கொண்டே சிரித்துப் பேசுவது இங்கே கேட்டது.

நாளை முன்வரிசையில் ஃபொலாவு பெண்டாட்டி லவீனியாவின் பாட்டியுடைய பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் லவீனியா உட்கார்ந்திருப்பாள், வேறு பாய் கட்டிக்கொண்டு. அப்பாவின் பெயரைக் கூப்பிடுவார்கள். தொகையை வாசிப்பார்கள். அந்தத் தொகையில் பாதி எங்கிருந்து வந்தது என்று அந்தக் கோயிலில் மூன்று பெண்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாமவள் எலெனோவா. நாலாமவளுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்?

படியில் கிட்டார் சாய்ந்திருந்தது. லவீனியா போய் அதை உள்ளே எடுத்துவந்து, பாய் இருந்த பலகை மேல் வைத்தாள். மெத்தையை இறக்கவில்லை.

"மாலியா வீட்டுக்குப் போ" என்றாள். "அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கிட்டு உடனே இங்கே வரச் சொல்லு. எண்ணினது எண்ணினபடி இருக்கணும். கப்பல் செவ்வாய்க்கிழமைதானே."

"ஊரைக் கூட்டி வெச்சுக் கடவுளுக்குக் குடுத்தாச்சேம்மா. நாளைக்கு மேசையில என்ன வைப்பீங்க?"

லவீனியா மகளைப் பார்க்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகச் சொன்னேன்" என்றாள்.